மூன்றிலும் ஓடும் குத்தூசி

"இருக்குதுங்க மேடம், மேக்லயும் ஓடும். அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுறோம்" என்று நான் போனில் சொன்னபோது, எதிரே உட்கார்ந்திருந்த என் தங்கை சுசித்ரா முறுக்கை வாயருகே அப்படியே நிறுத்திவிட்டாள்.

"எங்க ஓடுது? நம்ம வூட்ல மேக் கம்ப்யூட்டரே இல்லயே."

"வந்த ஆளுகிட்ட இல்லைன்னு சொல்லக் கூடாது, சுசி."

பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் அப்பாவுக்குத் தானிய மண்டி. கேட்ட சரக்கு இல்லையென்றால், "குடோன்ல இருக்குது, உக்காருங்க" என்று டீ வரவழைப்பார். டீ ஆறுவதற்குள் பக்கத்து மண்டியிலிருந்து மூட்டை வந்துவிடும். நான் அந்த டீயைக் குடித்து வளர்ந்தவன். ஆனால் பக்கத்து மண்டியில் கேழ்வரகுதான் கிடைக்கும், மேக் கிடைக்காது.

சுசித்ரா எட்டு மாதம் உட்கார்ந்து எழுதிய மென்பொருளுக்குக் குத்தூசி என்று பெயர். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே குத்தி ஒரு பிடி தானியம் எடுத்துப் பார்ப்பார்களே, அந்த ஊசி. இவளுடையது டேட்டாபேஸைக் குத்தும். கோப்பைக் காட்டினால் போதும். உள்ளே என்னென்ன அட்டவணை, எந்த வரியில் என்ன விவரம் என்று எடுத்துக் காட்டிவிடும். வேறு ஜம்பம் எதுவும் கிடையாது. மண்டியிலிருந்த விண்டோஸ் கணினியில் ஓடியது. பள்ளியில் அவளுக்குக் கொடுத்த லினக்ஸ் மடிக்கணினியிலும் ஓடியது. அன்று காலைதான் இணையத்தில் வெளியிட்டோம். அந்தப் பக்கத்தில் 'விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும்' என்று எழுதியது நான்தான். சரக்குக்கு முன்னால் போர்டு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

போனில் பேசியவர் மணிமேகலை, கோவையில் கல்லூரி ஆசிரியை. மறுநாள் காலை பத்து மணிக்கு அவருக்கு டேட்டாபேஸ் வகுப்பு. நாற்பது மாணவர்கள், அதில் ஒன்பது பேரிடம் மேக். எல்லாரிடமும் ஓடினால் இந்தப் பருவம் முழுக்கக் குத்தூசிதான். ஒருவரிடம் ஓடாவிட்டாலும் பழையபடியே நடத்திக்கொள்வார். மாலை ஐந்து மணிக்குச் சுட்டியை மாணவர்களுக்கு அனுப்ப வேண்டும்.

அதுவரை உலகத்தில் குத்தூசியைப் பயன்படுத்தியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அதை எழுதியவள். இன்னொருவன் அவளுக்கு அண்ணன்.

"கோப்பு கட்டிடலாம்ணா" என்றாள். மேக்குக்கான கோப்பைக் கட்டித் தர இணையத்திலேயே இயந்திரம் இருக்கிறதாம். "ஆனா ஒரு தடவையாவது நெசமான மேக்ல தெறந்து பாக்காம அனுப்ப மாட்டேன்."

எனக்குத் தெரிந்து ஒரே ஒரு மேக், தருமபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் அறிவழகனிடம் இருந்தது. கோப்பைக் கட்டச் சொல்லித் தட்டிவிட்டு, பைக்கை விரட்டினோம். வழியெல்லாம் அவளுக்குப் பாடம் நடத்தினேன்: நமக்கு அவசரம் என்று காட்டிக்கொள்ளக் கூடாது, முதலில் ஊர்க்கதை, பிறகுதான் விஷயம்.

மூன்றேகாலுக்கு ஸ்டுடியோவுக்குள் நுழைந்தோம். "சும்மா இந்தப் பக்கம் வந்தோம்ணா, வேலையெல்லாம் எப்படிங்க?" என்று ஆரம்பித்தேன்.

"அண்ணா, உங்க மேக் ஒரு மணி நேரம் வேணும். இல்லைன்னா எங்க மானம் போயிடும்" என்றாள் சுசித்ரா.

பேரத்தில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. அறிவழகன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"முகூர்த்த மாசத்துல வந்து கேக்கறியே தங்கச்சி. நாளைக்கு ரெண்டு கல்யாணத்துக்கு வீடியோ குடுக்கணும்."

அவருடைய போன் அடித்தது. "தேடிட்டேதாங்க இருக்கேன்" என்று சொல்லி வைத்தார். "போன வருசம் வத்தல்மலையில எடுத்த கல்யாணம். போட்டோவ மறுபடி கேக்கறாங்க. எங்கிட்ட டிஸ்க்கு மட்டும் பதினொண்ணு. எதுல எது கெடக்குதுங்கற லிஸ்ட்டு பழைய ப்ரோக்ராம்ல இருக்குது. அந்தக் கருமம் புது மேக்ல தெறக்கல."

"அந்த லிஸ்ட்டு கோப்பைக் காட்டுங்கண்ணா." சுசித்ரா குனிந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது. "இதுவே ஒரு டேட்டாபேஸ்ங்க."

அவருக்கு அது விளங்கவில்லை. எனக்கு நன்றாக விளங்கியது.

"ஒரு மணி நேரம் மேக் எங்களுக்கு. வத்தல்மலைக் கல்யாணம் உங்களுக்கு."

"அரை மணி."

"ஒரு மணி. டீ எங்களது."

"பஜ்ஜியும்."

முடிந்தது. எங்கள் இணையப் பக்கத்திலிருந்து குத்தூசியை மேக்கில் இறக்கினோம். யார் செய்தது என்று தெரியாத மென்பொருள், திறக்க முடியாது என்றது மேக்.

"யாருன்னே தெரியலயாம்மா உங்கள" என்றார் அறிவழகன்.

"இனிமே தெரிஞ்சுக்கும்" என்று சுசித்ரா அமைப்புகளுக்குள் போய்ச் சம்மதம் கொடுத்தாள். மாணவர்களுக்குச் சொல்ல அந்த வழியையும் குறித்துக்கொண்டாள்.

திரையில் குத்தூசியின் ஜன்னல் திறந்தது. எட்டு மாதமாக அவள் பார்த்த அதே ஜன்னல்தான். ஆனால் முதல்முறை பார்ப்பவள்போல என் முழங்கையை நசுக்கினாள். லிஸ்ட்டுக் கோப்பின் நகலை உள்ளே விட்டதும் வரிகள் கொட்டின: படங்கள், தேதிகள், ஊர்கள். வத்தல்மலை என்று தேடினாள். ஏழாம் டிஸ்க்.

"அடேயப்பா" என்று அறிவழகன் மவுஸைப் பிடுங்கிக்கொண்டார். அந்த வரியை நகலெடுத்து, வத்தல்மலைக்காரருக்கான வாட்ஸப்பில் ஒட்டினார். வந்து விழுந்தது: 'சித்தப்பா வர்ற எடத்தையெல்லாம் வெட்டணும்.'

காலையில் ஏதோ வீடியோவுக்காக நகலெடுத்த வரியாம். நல்லவேளை, அனுப்பவில்லை.

"காப்பி ஆகலயே தங்கச்சி."

"கன்ட்ரோல்தானேண்ணா அழுத்துனீங்க?"

"மேக்ல எவன் கன்ட்ரோல் அழுத்துவான்? காப்பிக்குக் கமாண்டு பட்டன்தான். கட்டைவிரல் தானா அங்கதான் போவுது பாரு."

சுசித்ரா அந்தக் கட்டைவிரலையே பார்த்தாள். நகலெடுக்கக் குத்தூசிக்குத் தெரிந்த பொத்தான் கன்ட்ரோல் மட்டும். நாளைக்கு ஒன்பது கட்டைவிரல்கள் அங்கேதான் போகும். ஒன்பது பேரும் இது சரியில்லை மேடம் என்பார்கள். மணி நாலு பத்து.

மணமக்களைப் படமெடுக்கும் வெல்வெட் சோபாவில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். மாற்ற வேண்டியது சில வரிகள்தான். ஆனால் அந்த இயந்திரம் மறுபடி கட்டித் தர இருபது நிமிடமாவது வேண்டும். நாலரைக்குத்தான் அதைத் தட்டிவிட்டாள். எங்கள் ஒரு மணி நேரம் முடிந்திருந்தது. இன்னொரு அரை மணிக்கு எதைக் கொடுத்துப் பேசலாம் என்று மனசுக்குள் சரக்கைத் தேடிக்கொண்டு, "அண்ணா..." என்றேன்.

"நீ கம்முனு இரு தம்பி" என்றார் அறிவழகன். கல்யாண வீடியோவை மூடி ஓரமாக வைத்தார். "எதெது வேலை செய்யலைன்னு நானே அழுத்திப் பாக்கறேன். எழுதிக்க, தங்கச்சி. முழுசா செலக்ட்டு, ஆகுது. தேடறது, ஆகுது. மூடறது..."

இப்படி ஒரு ஆளிடமா அரை மணிக்குப் பேரம் பேசப் பார்த்தேன்?

நாலு ஐம்பத்திரண்டுக்குப் புதுக் கோப்பு வந்தது. அறிவழகன் வரியைத் தேர்ந்தெடுத்தார், கட்டைவிரல் கமாண்டுக்குப் போனது, வாட்ஸப்பில் ஒட்டினார். ஏழாம் டிஸ்க், வத்தல்மலை, தேதியோடு. சித்தப்பா பிழைத்தார்.

நாலு ஐம்பத்தெட்டுக்குச் சுட்டி கோவைக்குப் போனது.

மறுநாள் பத்து இருபதுக்கு மணிமேகலை கூப்பிட்டார். சுசித்ரா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"எல்லாரும் திறந்துட்டாங்க. ஒரு நிமிஷம், இந்தப் பசங்க..." என்று போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

வகுப்பே சந்தைக்கடைபோல இரைந்தது. "எனக்கு இருநூத்திப் பன்னெண்டு வரி வருதுடா." "எனக்கு இருநூத்தி ஒம்போது." "நீ கேள்வியவே தப்பா எழுதியிருக்க, லூசு." "மேடம், இவன் என்னதப் பாத்துக் காப்பி அடிச்சிட்டான்."

குத்தூசியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மேக்காம், விண்டோஸாம், அந்தப் பேச்சே இல்லை. எல்லாரும் அவரவர் விடைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மணிமேகலை போனை மறந்துவிட்டார் போலிருக்கிறது. நான் துண்டிக்கக் கை நீட்டினேன். சுசித்ரா என் கையைத் தட்டிவிட்டு, சத்தத்தைக் கூட்டினாள்.