வாசலில் நின்ற தெப்பம்

என் பொண்டாட்டி வெல்டர். அதைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, அவள் செய்த கேட்டைத் திறந்துகொண்டுதான் வீட்டுக்குள் போவார்கள்.

ஆற்றங்கரை அம்மன் கோயில் திருவிழாவுக்கு என் அண்ணன்தான் எப்போதும் தெப்பம் கட்டுவார். இந்த வருஷம் அவருக்குத் தோள்பட்டை பிசகியதால் வேலை அவளிடம் வந்தது. "இந்த ஒரு வருஷத்துக்கு மட்டும்" என்றார் கோயில் தலைவர். சரியாக வராவிட்டால் இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று அதற்கு அர்த்தம்.

மழை விடவில்லை. மழையில் வெல்டிங் வைக்க முடியாது என்று கோயில் மண்டபத்துக்குள்ளேயே இரும்புச் சட்டத்தைக் கட்டினாள். அடியில் காலி டிரம்களுக்குக் கூண்டு, மேலே பலகை. அம்மன் பீடத்தை அளந்தாள், குடையை அளந்தாள், தூக்குகிறவர்களின் தோளைக்கூட அளந்தாள். வாசலை யாரும் அளக்கவில்லை. பூசாரி, தலைவர், நான், எல்லோரும் தினமும் சுற்றிவந்து ஆகா ஓகோ என்றவர்கள்தான். எங்கள் கண்ணெல்லாம் பிடரியில் இருந்திருக்கிறது.

திருவிழா அன்று சாயங்காலம் தெப்பத்தைத் தூக்கினோம். வாசலில் இடித்தது. சாய்த்துப் பார்த்தோம், கூண்டு முட்டியது. வெளியே கூட்டம் காத்திருந்தது.

"நானா இருந்தா மணல்ல வெச்சுக் கட்டியிருப்பேன்" என்றார் அண்ணன்.

"மழை பெஞ்சுதே மாமா."

"ரெண்டா அறுத்து எடுத்துட்டுப் போய் ஒட்டு."

"அவசரத்துல ஒட்டினா பலம் இருக்காது. அம்மன் உக்கார்ற இடம்."

சொல்லிவிட்டு மண்டபத்தின் பின்பக்கம் திரும்பினாள். அங்கே தூணுக்குத் தூண் நல்ல அகலம், நேரே படித்துறை. நடுவில் இரும்புக் கிராதி. அண்ணன் செய்தது, அதில் ஒரு மயில் வேறு. அந்த மயிலைக் காட்டாமல் எந்த விருந்தாளியையும் அவர் ஊருக்கு அனுப்பியதில்லை.

"மாமா, கிராதியை எடுக்கணும்."

அண்ணன் முகம் சுண்டிப்போனது. "அது என் வேலை."

"அதான் உங்ககிட்ட கேக்குறேன். மயில் மேல கீறல் விழாது."

அவர் ஒதுங்கி நின்றார். பொறி பறந்தது. கிராதி மயிலோடு அலுங்காமல் தரையில் இறங்கியது. படிமேல் பலகை போட்டு, தெப்பத்தைச் சறுக்கவிட்டோம். அது தண்ணீரில் போய் உட்கார்ந்தது.

கட்டியவர்தான் முதலில் ஏறிப் பார்க்க வேண்டும். நீச்சல் தெரியாத என் மகராசி முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறி, நடுவில் நின்று குதித்தாள். தெப்பம் ஒரு பக்கமும் சாயவில்லை. பிறகு அம்மன் ஏறினாள். மேளம் அதிர்ந்தது, கரை முழுக்கக் கை கூப்பியது. நான் அழுதேன். பெருமையில் வந்த அழுகை, எதற்கு மறைக்க வேண்டும்?

தெப்பம் ஆற்றில் சுற்றிவந்து கரைக்குத் திரும்பியதும் அண்ணன் அவளிடம் வந்தார்.

"நாளைக்குக் கிராதியை மாட்டும்போது ஒரேயடியா பத்த வெச்சிடாதே. கீல் போட்டுடு."

"எதுக்கு மாமா?"

"வருஷா வருஷம் அறுத்துக்கிட்டா இருப்பே?"