உயிர் போன இடம்

"உங்க ஊட்டுக்காரருக்கு உசுரு எங்க போச்சுங்க அம்மணி? கெணத்துலயா, ஊட்டுலயா?"

கேட்டவர் தீயணைப்புத் துறை அதிகாரி திருமலைசாமி. நல்ல மனுஷன், மேஜை விசிறியைக்கூடப் பொற்கொடி பக்கம் திருப்பி வைத்திருந்தார். கிணற்றில் என்றால் அவள் கணவன், ஃபயர்மேன் தமிழ்வேந்தன், பணியில் இறந்தவன். அவளுக்குக் கோயமுத்தூரிலேயே ஒரு அரசாங்க வேலை கிடைக்கும். வீட்டில் என்றால் ஏதோ நோவில் போனவன். செத்தவனுக்கும் இடம் பார்த்துத்தான் மரியாதை செய்வார்களாம், நல்ல சட்டம்!

தொண்ணூற்று நாலு சித்திரையில், கிணத்துக்கடவுப் பக்கம் கிணற்றில் விழுந்த ஆளைக் கயிறு கட்டி மேலே அனுப்பினான் தமிழ்வேந்தன். தான் ஏறுவதற்குள் கல் சரிந்துவிட்டது. அவனை மேலே தூக்கிப் போட்டபோது அசைவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அறுத்துவிடுவார்கள், வெளியே செத்த உடம்பை வீட்டுக்குள் சேர்க்கவும் கூடாது. சேதி கேட்டு ஓடிவந்த அவன் அண்ணன் நஞ்சப்பன் அதற்குப் பயந்து, "உசுரு இருக்குது, உசுரு இருக்குது" என்று கத்திக்கொண்டே டெம்போவில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். கிராம அதிகாரியிடமும் வீட்டில்தான் போனது என்று சொல்லிவிட்டான். கூடப் போன ஃபயர்மேன்களும், உயிர் இருக்குதென்றார்கள், அனுப்பிவிட்டோம் என்று கையைக் கழுவிக்கொண்டார்கள்.

இப்போது அதே நஞ்சப்பன் பின்னால் நின்று முணுமுணுத்தான். "கெணத்துலயேன்னு சொல்லிப்போடு அம்மணி. புள்ளைய நெனச்சுப் பாரு."

பொற்கொடிக்குப் புரியவில்லை. எது பொய், அன்றைக்குச் சொன்னதா, இன்றைக்குச் சொல்லப்போவதா? அன்று நடுவீட்டில் அவன் தலையை மடியில் வைத்து வாயில் தண்ணீர் ஊற்றினாள். பாதி வழிந்துவிட்டது. மீதி தொண்டையில் இறங்கியதைக் கண்ணால் பார்த்தாளே! கடைசியாக அவள் கையால் குடித்துவிட்டுத்தான் போனான் என்கிற நினைப்பில்தான் இத்தனை நாளும் அவளால் சோறு தின்ன முடிந்தது.

அவள் திரும்பினாள். "ஏனுங் மாமா, தண்ணி எறங்குச்சல்லங்க? நீங்களும் பாத்தீங்கல்ல?"

நஞ்சப்பன் தரையைப் பார்த்தான். அதிகாரி பேனாவோடு காத்திருந்தார். வீட்டில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது.

"கெணத்துலயே போயிருச்சுங்க" என்றாள்.

அதிகாரி எழுதிக்கொண்டார். இனி கவலை வேண்டாம், வேலைக்கு அவரே சிபாரிசு செய்வதாகச் சொன்னார். நஞ்சப்பன் கும்பிட்டான். பொற்கொடி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"அப்ப அந்தத் தண்ணிய ஆருங்க குடிச்சது?" என்று அழுதாள்.