முதுகால் அடைத்த மடை

என் வீட்டுக்காரர் பிளம்பர். யார் வீட்டில் குழாய் ஒழுகினாலும் மணி அடிப்பது எங்கள் கடை போன்தான், எடுப்பவள் நான். அவர் தட்டில் கை வைத்தால் போதும், எங்கேயோ ஒரு தொட்டி உடைந்துவிடும். அதனால்தான் சதுப்புக் காட்டில் கூடாரம் போட்டுத் தங்க நானே ஏற்பாடு செய்தேன். அங்கே குழாய் கிடையாது, கரண்ட் கிடையாது, போனுக்கு சிக்னலும் கிடையாது. ஒரு சாயங்காலமாவது மனுஷன் என் பக்கத்தில் சும்மா உட்கார வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கிளம்பும்போது அவர் பையைத் தடவிப் பார்த்தேன். ஸ்பேனர் ஒன்று தட்டுப்பட்டது.

"கூடாரத்துக்கு ஆணி அடிக்க வேண்டாமா?" என்றார். பிடுங்கி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

காட்டு வாசலில் காவலர், குடிதண்ணீரிலிருந்து குப்பை வரை நாங்கள்தான் சுமக்க வேண்டும் என்றார். "மேட்டுக்குப் பக்கத்துல ஒரு குட்டை இருக்கு. பொழுது சாயறப்போ சத்தம் போடாம உக்காந்தீங்கன்னா நீர்நாய் வரும்."

பலகைப் பாதை முடிந்து குட்டையின் மண்கரை வந்தது. ஓரிடத்தில் கரைக்கு மேலேயே கணுக்கால் அளவு தண்ணீர். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சந்தோஷமாக நடந்தேன். அவர் மட்டும் அந்த இடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். கல்யாணத்தன்று என்னைக்கூட அப்படிப் பார்க்கவில்லை.

மேட்டில் கூடாரம் எழுந்தது. டீ போட்டேன், குட்டையோரம் பாய் விரித்தேன்.

"இதோ, கை கழுவிட்டு வந்துடறேன்" என்று போனவர் போனவர்தான். டீ ஆறிப்போனது. குட்டையைப் பார்த்தால் ஓரத்து வேர்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. பிறகு சேறு தெரிந்தது. எனக்கு விளங்கிவிட்டது. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா?

கரைக்கு ஓடினேன். முழங்கை வரை சேறும் முகம் முழுக்கப் பல்லுமாக நின்றார். கரையிலிருந்த உடைப்பில் அடைந்து கிடந்த சருகு, கிளை எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டிருந்தார்.

"பாத்தியா, பாதை காஞ்சுடுச்சு! எவ்ளோ பெரிய அடைப்பு தெரியுமா?"

"அந்த அடைப்பு இருக்கறதாலதாங்க அங்க குட்டையே இருக்கு!" எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒரே ஒரு நாள் பக்கத்துல உக்காருங்கன்னு கேட்டேன். அது கூடவா முடியல?"

பல் மறைந்தது. பிடுங்கியதையெல்லாம் திரும்பத் திணித்து, மேலே சேற்றை அப்பினார். தண்ணீர் நிற்கவில்லை. கடைசியில் குட்டைக்குள் இறங்கி, அடைப்பில் முதுகைச் சாய்த்து, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார்.

"மண்ணு இறுகற வரைக்கும் நான் அசையக் கூடாது" என்றார் பரிதாபமாக.

கோபம் போன இடம் தெரியவில்லை. டீயைச் சூடாக்கிக் கொண்டுவந்து, அவர் தோளை ஒட்டிக் கரையில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டேன்.

"போன்ல கேக்கறவங்களுக்கு நீ என்ன சொல்லுவே?"

"இப்பதான் கிளம்பினாருன்னு."

"நான் சாப்பிட்டுட்டு இருக்கறப்பவுமா?"

"தூங்கறப்பவும்."

சிரித்ததில் டீ சிந்தியது. பேச்சு எங்கெங்கோ போய் வந்தது. நடுவே கரையின் மறுபக்கத்தை எட்டிப் பார்த்தேன். கசிவு சுத்தமாக நின்றிருந்தது. அவரிடம் நான் மூச்சுவிடவில்லை.

வெயில் சாய்ந்தது. எதிர்ப்பக்கம் ஒரு சின்னத் தலை நீருக்கு மேலே எழும்பியது, பின்னால் இன்னொன்று. அவர் சேற்றுக் கையால் என் கால் விரலைப் பிடித்துக்கொண்டார். மீனைக் கடித்துக்கொண்டு இரண்டும் நாணலுக்குள் போகும்வரை விடவே இல்லை.

"என்னங்க, ஒழுகல் அப்பவே நின்னுடுச்சு. நான்தான் சொல்லல" என்றேன்.

"ஏம்மா, நான் பிளம்பர். எனக்குத் தெரியாதா?" என்றார். எழுந்திருக்கவில்லை.