பனிமாதா கோயில் பிரிவு

எங்கள் சைக்கிள் சங்கத்தில் ஒரு விதி இருந்தது. எழுதி எங்கும் ஒட்டவில்லை. பனிமாதா கோயிலைத் தாண்டும்போது யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

கோயில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மணி, பூட்டிய கதவு, வாசலில் ஒரு கல் பெஞ்சு. அங்கேதான் சாலை பிரிகிறது. இடது பக்கம் போனால் பிரானேரா கணவாய், இன்னும் ஆறு கிலோமீட்டர் செங்குத்து ஏற்றம். வலது பக்கம் ஆற்றோரமாக இறங்கினால் நேரே தோர்னெதா, அதாவது வீடு. முடியாதவன் அங்கே சத்தமில்லாமல் வலது பக்கம் ஒடித்துவிடுவான். கணவாயைத் தாண்டி அந்தப் பக்கத்தில் ஒனோரினாவின் சாப்பாட்டுக் கடையில் உட்காரும்போது ஒரு தலை குறைந்தால் ஏன் என்று கேட்க மாட்டோம். போன் போட மாட்டோம். அடுத்த ஞாயிறு அவன் வந்து நிற்பான், நாங்களும் மழையைப் பற்றியோ பன்றி விலையைப் பற்றியோ பேசிக்கொண்டு கிளம்புவோம்.

அந்த விதியைக் கொண்டுவந்தவன் எவேலியோ. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் எங்களோடு லூசினியோ என்று ஒரு தபால்காரன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் கோயிலில் திரும்பிவிட்டான். மறுவாரம் நாங்கள் அவனைப் போட்டு வறுத்து எடுத்துவிட்டோம். அதிகம் வறுத்தவன் நான். லூசினியோ சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனான், அந்த மாதமே சைக்கிளை விற்றுவிட்டான். இனிமேல் கோயிலில் யாருக்கும் கண் கிடையாது என்று எவேலியோ அப்போது சொன்னான். நல்ல விதி என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அதனால் பிழைத்தவன் நானே. எனக்கு அறுபத்தொரு வயது, கறிக்கடைக்காரன், நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ குறைவு. அந்தப் பிரிவில் எத்தனை தடவை திரும்பியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

எவேலியோ ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை.

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் அவன். இந்த மலையில் எந்த வளைவில் எந்த மாதம் வெயில் படாது என்பது வரைக்கும் அவனுக்கு மனப்பாடம். ஜெர்மனியிலிருந்தும் ஹாலந்திலிருந்தும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கையில் வைத்திருக்கும் பாதைத் தாள்கள் அவன் போட்டவைதான். எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே நாய் துரத்தும், எல்லாம் அதில் இருக்கும். பிரானேரா இறக்கத்துக்கு அவன் இப்படி எழுதியிருந்தான்: ஐந்தாவது வளைவில் அக்டோபரில் ஈர இலை கிடக்கும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை, கைபேசிக்கு சிக்னல் கிடைக்காது.

போன பிப்ரவரியில் அவனுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. ஐந்து மாதம் சைக்கிள் கூடாது, பிறகும் சமதளத்தில் மட்டும்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவன் மனைவி காஸில்டா சாப்பாட்டில் உப்பையே நிறுத்திவிட்டாள். ஜூலையில் எங்களோடு சமதளத்தில் ஓட்டினான். செப்டம்பரில் சின்ன ஏற்றங்கள். அக்டோபர் மூன்றாம் ஞாயிறு, பிரானேரா போகிறோம் என்றதும் நானும் வருகிறேன் என்று வந்து நின்றான். எங்களில் இளையவன் பெலாயோ, மின்சார வேலை பார்க்கிறவன், வேண்டாமே என்று முனகினான். எவேலியோ காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்கு மூடுபனி. கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே அவன் பின்தங்கிவிட்டான். நான் அவனுக்காக மெதுவாகப் போனேன் என்று சொன்னால் பொய். எனக்கே மூச்சு வாங்கியது. ஆனால் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நான் எவேலியோவுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தேன், அது எனக்கு இனித்தது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வாய் சும்மா இருக்கவில்லை.

"எவேலியோ, கோயில் வந்தாச்சு. வலது பக்கம் திரும்பி வீட்டுக்குப் போடா. காஸில்டா உப்பில்லாத சூப் வச்சிருப்பா, குடிச்சிட்டுப் படு."

 பின்னால் அவன் மூச்சு மட்டும் கேட்டது. கோயிலைத் தாண்டினோம். விதிப்படி நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கணவாய் உச்சியில் காற்று அறைந்தது. அங்கே மேய்ப்பர்களின் பழைய கல் குடிசை ஒன்று, அதன் சுவரில் ஒரு தகரப் பெட்டி, பெட்டிக்குள் ஒரு நோட்டு. ஏறி வந்தவர்கள் பேரும் நேரமும் எழுதிவிட்டுப் போவது வழக்கம். கை விறைத்துப்போய் ஆறு பேரும் கிறுக்கினோம். பன்னிரண்டு இருபத்தைந்து. மற்ற நாட்களில் அங்கே கால் மணி நேரம் நிற்போம். அன்று ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை, அப்படியே இறங்கிவிட்டோம். ஐந்தாவது வளைவில் பெலாயோவின் பின்சக்கரம் வழுக்கியது, சமாளித்துக்கொண்டான்.

கீழே, ஒனோரினாவின் கடை இருக்கும் ஊரில், நீரூற்றுக்குப் பக்கத்தில் இருபது நிமிஷம் காத்திருந்தோம். எவேலியோ வரவில்லை. எல்லோரும் ஒன்றையே நினைத்தோம். கடைசியில் அவனும் திரும்பிவிட்டான். எனக்கு மனதுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஒனோரினா ஏழு தட்டு வைத்திருந்தாள். ஒன்றை எடுத்துவிடு என்று நான்தான் சொன்னேன். கொண்டைக்கடலையும் பன்றிக்கறியும் போட்ட குழம்பு வந்தது. இரண்டாவது தட்டு போட்டுக்கொள்ளும்போது பெலாயோ வாயைத் திறந்தான்.

"காஸில்டாவுக்கு ஒரு போன் போட்டுப் பாக்கலாமா? அவருக்கு உடம்பு வேற சரியில்ல."

"போட்டு என்ன கேப்ப? உன் புருஷன் பாதியில திரும்பிட்டானான்னா?" என்றேன் நான். "அவளுக்கு முன்னால அவனைக் கேவலப்படுத்தணுமா? விட்டுடு."

பெலாயோ கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தான். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அதன் பிறகு காபி குடித்தோம், சீட்டுக் கட்டு வந்தது. நான் நன்றாக ஆடினேன் என்று ஞாபகம்.

ஐந்தரை மணிக்குக் கடையின் போன் அடித்தது. காஸில்டா. இன்னும் எவ்வளவு நேரம் ஆடப்போகிறீர்கள், அவர் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். போனைக் காதில் வைத்தபடியே ஒனோரினா என்னைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கு என் கண்ணை விட்டுப் போகாது.

ஒனோரினாவின் வண்டியில் ஏறினோம். ஆறு மணிக்கு ஐந்தாவது வளைவில் நின்றோம். வெளிச்சம் இருந்தது, பனியும் விலகியிருந்தது. சாலையிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓரத்துக்கு வந்து குனிந்தால்தான் கீழே சைக்கிள் தெரியும். அவன் சைக்கிளுக்குப் பக்கத்தில் இல்லை. மேலே, சாலைக்கு நாலு கை தூரத்தில், குப்புறக் கிடந்தான். ஈர மண்ணில் அவன் முழங்கையால் உடம்பை இழுத்துக்கொண்டு வந்த தடம் கீழேயிருந்து அவன் வரைக்கும் இருந்தது. நகத்துக்குள் எல்லாம் மண். தொட்டுப் பார்த்தேன். அப்போதும் அக்குளில் கொஞ்சம் சூடு இருந்தது.

இடுப்பெலும்பு உடைந்து உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, நாலரை மணி வாக்கில் உயிர் போயிருக்கும் என்றார் மருத்துவர். மூன்று மணிக்குள் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்தார், எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மூன்று மணிக்கு நான் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தேன்.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. யாருக்குத் தெரியும், உங்கள்மேல் என்ன தப்பு என்று எல்லோரும் எங்கள் தோளைத் தட்டினார்கள். நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். பெலாயோ என் பக்கமே வரவில்லை. போன் பேச்சை அவன் யாரிடமும் சொல்லவுமில்லை. அதுதான் என்னைத் தின்றது. சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் கறி வண்டியை எடுத்துக்கொண்டு கணவாய்க்குப் போனேன். தகரப் பெட்டியைத் திறந்தேன். எங்கள் ஆறு பேருக்கும் கீழே அவன் எழுத்து, விறைத்த விரலால் கோணல்மாணலாக.

"பன்னிரண்டு நாற்பது. எவேலியோ. சாத்துரியோ, அந்த சூப்பை நீயே குடி. எனக்கு ஒரு தட்டு எடுத்து வைங்க, பின்னாலேயே வந்துட்டேன்."

கால் மணி நேரம்தான். எப்போதும் போல நின்றிருந்தால் உச்சியிலேயே வந்து சேர்ந்திருப்பான். எங்களைப் பிடிக்க வேண்டும் என்று இறக்கத்தில் விரட்டியிருக்கிறான், தன் தாளில் தானே எழுதிய வளைவில். நோட்டை எடுத்து வண்டி இருக்கைக்குக் கீழே ஒளித்தேன். ஒன்பது நாள் அது அங்கேயே கிடந்தது. எரித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். பத்தாம் நாள் காஸில்டா வீட்டுக்குப் போனேன்.

காஸில்டாவும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கோயில் விதி, சூப் என்று நான் சொன்னது, எடுக்கச் சொன்ன தட்டு, பெலாயோவின் போன். நோட்டைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள், இரண்டு வரிதான்.

"உங்க ஏழு பேர்ல திரும்பாதவர் அவரு ஒருத்தர்தானே?"

ஆமாம் என்றேன்.

"தெரிஞ்சும் திரும்பிட்டாருன்னு நெனச்சீங்க."

 நாங்கள் அப்படி நினைத்தோம் என்பதைவிட, நான் அப்படி நினைக்க ஆசைப்பட்டேன் என்பதுதான் நிஜம். அதையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் நோட்டை மூடினாள்.

"அன்னைக்கு நான் சூப்பே வைக்கல, சாத்துரியோ. உங்களோட சாப்பிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனாரு. நீங்கல்லாம் கூட இருக்கீங்கன்னு நான் மத்தியானம் தூங்கினேன்."

வாசல் வரைக்கும் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாலு ஞாயிறு நாங்கள் கிளம்பவில்லை. ஐந்தாவது ஞாயிறு ஆறு பேரும் வந்தோம், யாரும் யாரையும் கூப்பிடாமலே. ஏறினோம். கோயில் பிரிவுக்கு வந்தபோது கல் பெஞ்சில் யாரோ போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பக்கத்தில் எவேலியோவின் பழைய கார். மடியில் கணவாய் நோட்டு, கையில் பேனா.

காஸில்டாதான். இடது பக்கம் ஏறியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள், எழுதினாள். பெலாயோ அவளைத் தாண்டும்போது ஹெல்மெட்டைத் தொட்டுவிட்டுப் போனான்.  எனக்கு நிஜமாகவே முடியவில்லை. எப்படியாவது ஏறிவிட வேண்டும், அவள் கண் முன்னால் திரும்பக் கூடாது என்று ஐம்பது மீட்டர் மிதித்தேன். நெஞ்சு அடைத்தது. காலை ஊன்றினேன், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு இறங்கி வந்து பெஞ்சுக்கு முன்னால் நின்றேன்.

காஸில்டா புதுப் பக்கத்தைத் திருப்பினாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரிந்தவள், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"பேரு?"

"சாத்துரியோ."

"எந்தப் பக்கம் போற?"

"வீட்டுக்கு," என்றேன்.

எழுதிக்கொண்டாள். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்றாள்.