நாலு வருஷம் பிந்தி வந்த அழுகை

சிலமலை ராஜாராமுக்கும் மாயக்காளுக்கும் 1974 தை மாதம் இறந்து பிறந்த பெண்பிள்ளை, 1978 ஆனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு முதல்முறையாக அழுதது. அன்று போடி பஸ் பத்து நிமிடம் பிந்தி வந்தது.

பிள்ளை பிறந்தது போடிமெட்டு வளைவில், ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு இறங்கிய ஜீப்பில். கூட வந்த பக்கத்துவீட்டு மொக்கம்மாள் காலைப் பிடித்துத் தட்டிப் பார்த்தும் சத்தம் வரவில்லை. அழாத பிள்ளைக்குப் பேரும் கிடையாது, தீட்டும் கிடையாது என்பது ஊர் வழக்கம். மறுவாரமே மாயக்காள் வேலைக்கு மலையேறினாள். எனக்கும் பிள்ளை பிறந்தது என்று அவள் ஆரம்பித்தால் ஊரார் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ராஜாராம் போடியில் ஏலக்காய் சலிக்கும் வேலை பார்த்துக்கொண்டு, சாயங்காலம் ஜெபமணி வாத்தியாரிடம் இங்கிலீஷ் படித்தான். நாம் நாலு வார்த்தையில் சொல்வதை ஒரே வார்த்தையில் சொல்லும் சொற்களைத் தடித்த டிக்சனரியில் தேடியெடுத்து ஆளுக்கொன்று கொடுப்பார் வாத்தியார். ஷூ கயிற்றின் நுனிக்குப்பிக்கு ஆக்லெட். மேலுதட்டுப் பள்ளத்துக்கு பில்ட்ரம். ராஜாராமுக்கு வந்தது வஜைட்டஸ், பிறந்த பிள்ளையின் முதல் அழுகை. பத்துத் தடவை எழுதி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மறுநாள் காலை வீட்டில் ஏழாவது தடவை சொன்னபோது, நிலைப்படிக்கு மேலே ஒன்றுமில்லாத இடத்தில் அழுகை கிளம்பியது.

தெருவே கூடிவிட்டது. "அன்னைக்கு மூச்சே இல்லையேடி," என்றாள் மொக்கம்மாள்.

"இன்னைக்கு இருக்குல்ல, அத்தே," என்றாள் மாயக்காள்.

மொக்கம்மாள் போய், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காய மருந்து இடித்துக் கொண்டுவந்தாள். பஸ்சேறி வந்த ஜெபமணி வாத்தியார் கொஞ்சநேரம் நின்று கேட்டார். "டிக்சனரில அர்த்தம் சரியாத்தான்யா போட்டிருக்கான்," என்றார். மாயக்காளுக்குப் பால் சுரந்தது. கொடுக்க வாயில்லை. சேலையில் தொட்டில் கட்டி ஆட்டியும் அழுகை நிற்கவில்லை.

"பேர் வச்சுக் கூப்பிடு ஆத்தா, அமந்துரும்," என்றாள் மொக்கம்மாள்.

"அமந்துட்டா? பெறகு நான் எதைக் கேட்டுக்கிட்டு இருக்க?"

பத்தொன்பது நாள் அழுகைக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தாள். இருபதாம் நாள் அந்தக் குரல் கம்மிவிட்டது. பசியில் கம்முகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. முக்காலியைக் கொண்டுவரச் சொல்லி ஏறி நின்று, அழுகை எங்கே பலமாக இருந்ததோ அங்கே வாயை வைத்து, "அன்னக்கொடி" என்று மூன்று முறை சொன்னாள். மூன்றாவதில் நின்றது. அவள் வெகுநேரம் இறங்கவில்லை. பிற்பாடு ராஜாராம் அந்த இங்கிலீஷ் சொல்லைத் தனியே சொல்லிப் பார்த்தான். அது வெறும் சொல்லாகத்தான் இருந்தது.

1984இல் எதிர்வீட்டுச் சோலை மகள் கல்யாணத்துக்கு ரேடியோ செட் கட்ட வந்த போடிக்காரன், ஒலிபெருக்கிக் குழாயை மாயக்காள் வீட்டைப் பார்த்துக் கட்டினான். "அங்கிட்டு வேணாம்ப்பா, பிள்ளை தூங்குது," என்றார் சோலை. அவன் அதைக் கண்மாய்ப் பக்கம் திருப்பிக் கட்டினான்.