இரண்டுக்கு ஒன்று

கம்பெனியில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் மஞ்சப்பொடி. ஆறு வருடமாக ஒரு மஞ்சள் நிறப் பொடியோடு மல்லுக்கட்டி, விரல் நகமெல்லாம் அதே நிறமாகிவிட்டது. அந்தப் பொடியைக் கண்ணாடித் தகட்டில் பூசி, தண்ணீரில் அமிழ்த்தி வெயிலில் வைத்தால் போதும். மின்சாரமே இல்லாமல் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். என்ன, உற்றுப் பார்த்தால்தான் குமிழி கண்ணில் படும்.

முதலாளி அவளுடைய சொந்தத் தாய்மாமன். வேலை போட்டுக் கொடுத்த மகராசன் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அவர் வாக்குதான் வேதவாக்கு. தொழிற்சாலைக் கூரைகளில் இந்தத் தகட்டைப் பதிக்கலாமா என்று பார்க்க ஆட்கள் வரவிருந்தார்கள். அதற்கு முந்தின நாள் மாமா அவளைக் கூப்பிட்டார்.

"தண்ணியில கொஞ்சம் மெத்தனால் கலந்துடும்மா. குமிழி சும்மா பொங்கும். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும் மாமா. தகடு தண்ணியை விட்டுட்டு மெத்தனாலைத்தான் தின்னும். அது தீர்ந்ததும் குமிழியும் தீர்ந்துடும். மாட்டேன்."

மறுநாள் மொட்டை மாடியில் வெயில் கொளுத்தியது. வந்திருந்த நால்வருக்கு முன்னால் தகட்டுப்பெட்டி சோடா மாதிரிப் பொங்கியது. கைதட்டினார்கள். அவள் வாயு அளவுமானியைப் பார்த்தாள். ஹைட்ரஜன் தொள்ளாயிரம், ஆக்சிஜன் பூஜ்யம். மாமா அவளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஊற்றியது யார் என்று கேட்கவே வேண்டியதில்லை.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அவளுடைய ஆறு வருட உழைப்பை மனுஷன் ஒரே நாளில் பொய்யாக்கிவிட்டார்.

"தண்ணி பிரிஞ்சா ரெண்டு வாயுவும் வரணும்" என்றாள் வந்தவர்களிடம். "ரெண்டு பங்கு ஹைட்ரஜனுக்கு ஒரு பங்கு ஆக்சிஜன். இங்க ஆக்சிஜனே இல்ல பாருங்க. இதுல மெத்தனால் கலந்திருக்கு."

"கீழ போ" என்று மாமா பல்லைக் கடித்தார்.

"போறேன். முதல்ல இதைக் கழுவணும்."

பெட்டியிலிருந்ததைக் கேனில் வடித்தாள். மூன்று முறை கழுவினாள். வெறும் தண்ணீரை நிரப்பி மூடினாள். உள்ளே தங்கிய காற்றை நைட்ரஜன் விட்டு விரட்ட அரை மணி நேரம் ஆனது. நால்வரும் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார்கள். மாமாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவள் அவசரப்படவில்லை.

மெல்லிய குமிழிகள் எழும்பின. ஹைட்ரஜன் நாற்பது, ஆக்சிஜன் இருபது.

நால்வரில் மூத்தவர் குனிந்து பார்த்தார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். ஆனா இது தண்ணியிலேருந்து வந்தது."

"கூரைக்கு இது பத்தாதும்மா" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கினார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

"எல்லாத்தையும் கெடுத்துட்ட" என்றார் மாமா. "நாளையிலேருந்து இந்தப் பக்கமே வராத."

அவள் ஆய்வு நோட்டில் இரண்டு எண்களையும் நேரத்தையும் எழுதினாள். தன் கையெழுத்தைப் போட்டாள். சாட்சிக்கான இடம் காலியாக இருந்தது. நோட்டையும் பேனாவையும் அவரிடம் நீட்டினாள்.

"வரலை. ஆனா இந்த நாப்பதையும் இருபதையும் நீங்க கண்ணால பாத்தீங்க. கையெழுத்துப் போடுங்க மாமா."

அவர் பேனாவை வாங்கவில்லை. அவளும் கையை இறக்கவில்லை.