புள்ளி இரண்டு

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. விளையாட்டுச் சங்கத்தின் பொன்விழா மலருக்காக, ஆளுக்கொரு பக்கம் என்று பழைய நட்சத்திரங்களைப் பங்கு போட்டார்கள். என் தலையில் விழுந்தவர் ‘தந்தி’. நானூறு மீட்டரில் முப்பத்தொரு வருடம் யாரும் நெருங்காத சாதனைக்காரி. தகவலுக்காக அவருடைய பயிற்சியாளர் விசில் மாஸ்டரைப் பார்க்கப் போனேன். அன்றோடு கட்டுரை போச்சு.

2.

முதல் வரி: ‘மைதானமே மூச்சடக்கி நின்ற அந்த மாலையில்…’ (பொய். ஒலிபெருக்கியில் தொலைந்துபோன குடைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்களாம்.)

இரண்டாவது: ‘காற்றைக் கிழித்துக்கொண்டு…’ (காற்று பாவம், எத்தனை கட்டுரையில்தான் கிழியும்?)

நடந்ததையே சொல்கிறேன். போன மாதம் அந்தச் சாதனை உடைந்தது. உடைத்தவள் தந்தியின் சொந்த மாணவி. பழையது 54.6 வினாடி, புதியது 54.5. அதை வைத்துத்தான் அவளுக்குத் தேசிய முகாமில் இடம். தந்தி கைதட்டினார். ஏணியில் ஏறி, அரங்கத்தின் சாதனைப் பலகையிலிருந்த தன் பெயரைத் தானே வெள்ளையடித்து மறைத்தார். பிறகு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார் என்று வாட்ச்மேன் சொன்னார்.

3.

விசில் மாஸ்டர் ஷூவுக்குக் கயிறு கோத்தபடியே குண்டைப் போட்டார்.

“பயிற்சியில எப்பவும் புள்ளி ரெண்டு கூட்டித்தான் சொல்லுவேன். நெஜத்தைச் சொன்னா தலைக்கனம் வந்துடும். அவ சாதனை பண்ண அன்னைக்கும் வாய்ப்பழக்கத்துல கூட்டிச் சொல்லிட்டேன். அதையே எழுதிட்டாங்க.”

(அன்று மூன்று கடிகாரங்கள். ஒன்று நின்றுபோனது. இன்னொன்றைப் பிடித்தவர் தந்தி ஓடியதைப் பார்த்து வாயைப் பிளந்ததில் பொத்தானை அழுத்த மறந்தார். மிச்சம் மாஸ்டருடையது.)

அப்படியானால் தந்தி ஓடியது 54.4. சாதனை உடையவே இல்லை.

4.

முடிவு அ: மலரில் எழுதுகிறேன். தந்திக்குப் பெயர் திரும்புகிறது, மாணவிக்கு முகாம் இடம் பறிபோகிறது.

முடிவு ஆ: வாயை மூடிக்கொள்கிறேன். மாணவி முகாமுக்குப் போகிறாள். தந்தி அந்த வெள்ளையடித்த இடத்தைத் தினமும் தாண்டிப்போகிறார்.

முடிவு இ: நான்

(இல்லை. இது என் சொத்தா, நான் பிரித்துக் கொடுக்க?)

5.

ஆகவே, இதுவரை எழுதியதைத் தந்தியிடமே கொடுத்தேன். ஓடுபாதை ஓரத்தில், கழுத்தில் கடிகாரத்தோடு நின்றே படித்தார்.

“புள்ளி ரெண்டுன்னா சொன்னாரு?”

“ஆமாங்க.”

“அப்போ அம்பத்திநாலு புள்ளி நாலு.” சிறு பிள்ளை போல இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அந்த முகத்துக்காகவே மாஸ்டரை மன்னிக்கலாம். பிறகு தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவேயில்லை; நீங்கள் படிப்பது நான் நினைவிலிருந்து மறுபடி எழுதியது.

அதற்குள் மாணவி ஒரு சுற்றுக்குத் தயாராகிவிட்டாள். தந்தி விசில் ஊதினார், பொத்தானை அழுத்தினார். சுற்றை முடித்தவள் முழங்காலில் கையூன்றி, “எவ்வளவுக்கா?” என்றாள்.

நான் எட்டிப் பார்த்தேன். 54.2.

தந்தி கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஓர் எண் சொன்னார். எனக்குக் கேட்டது, எழுதமாட்டேன்.

மாணவி தலையாட்டிவிட்டுத் திரும்பவும் கோட்டுக்கு நடந்தாள். எந்த எண்ணைக் கேட்டாலும் அவள் அப்படித்தான் நடப்பாள், அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கடிகாரம் உங்கள் கழுத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்: